பதிலுக்கு வந்தவள்

போனை வைத்ததும் அம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னிக்கும் ஆறிப்போன மிச்சம்தாம்மா. குளிக்க வெந்நீர் கிடையாது. ஏன் ஆன்ட்டின்னு கேட்டா, பதில் பேசாம போனைத் தூக்கிக் காட்டுறாங்க" என்று கடல் தாண்டி அழுதிருந்தாள் மகள்.

போனைக் காட்டுகிறாளாமே! யாரிடம் வேண்டுமானாலும் சொல்லி அழு என்கிற திமிர்தானே அது? பொம்பளையா அவள், ராட்சசி.

ஒரு வருஷம் அங்கே ஒரு வீட்டில் தங்கிப் படிக்கலாம், பாதி நாள் வேலையும் பார்க்கலாம், பதிலுக்கு அந்த வீட்டுப் பெண் இங்கே வந்து தங்குவாள் என்று மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்காரர்கள் சொன்னபோது, அம்மாதான் முதலில் தலையாட்டினாள். மகளை அனுப்பிவிட்டு ஒரு எதிரியை வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்வோம் என்று யார் கண்டது?

வந்தவள் மகளின் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாளிலிருந்தே அம்மாவுக்கு அவளைக் கண்டால் ஆகாது. மகளின் நாற்காலி, மகளின் தட்டு, மகளின் ஜன்னல், எங்கே திரும்பினாலும் இவள்.

மறுநாளே ஹீட்டரை அணைத்தாயிற்று. என்ன, மகாராணியா? பச்சைத் தண்ணீரில் குளித்தால் கரைந்தா போய்விடுவாள்? சாப்பாடும் அப்படித்தான். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, ஆறி அவலாகக் கிடப்பது இவளுக்கு.

இவள் எதற்கும் வாயைத் திறந்ததில்லை. தட்டு வந்ததும் ஒரு போட்டோ, பிறகு சாப்பாடு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி. சரியான கல்லுளிமங்கி.

இன்றைக்கு அம்மாவுக்கு அதெல்லாம் போதவில்லை. அங்கே பெற்ற பிள்ளை அழுகிறது, இந்தக் குளிரில் இவளுக்குக் கம்பளி ஒரு கேடா?

விருட்டென்று உள்ளே போனாள். வந்தவளின் மடியில் கிடந்த கம்பளிப் போர்வையை உருவி, அலமாரியில் திணித்துப் பூட்டினாள்.

வந்தவள் தடுக்கவில்லை. போனை மட்டும் அலமாரிப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இருந்தாள். ஒருமுறை தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். காலி நாற்காலி மட்டும் தெரிந்தது.

அங்கே உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். அந்தக் குரல் அம்மாவுக்குத் தெரியும்.

பெண்மணி திரும்பி வந்தாள். கையில் ஒரு நீலப் பூப்போட்ட போர்வை. மகள் விமான நிலையத்துக்குக் கிளம்பிய அன்று, அம்மாவே மடித்துப் பெட்டியில் வைத்தது. பெண்மணி உட்கார்ந்து, வந்தவளிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டாள்.

வந்தவள் நிமிர்ந்தாள். புத்தகத்தில் கற்ற தமிழில், மரியாதையாகவே சொன்னாள்.

"எங்கள் அம்மா கேட்கிறார்கள். இன்றைக்குப் போர்வை மட்டும்தானா?"

அம்மா அலமாரியைத் திறக்கப் பார்த்தாள். அவசரத்தில் சாவி துவாரத்துக்குள் நுழையவே இல்லை.