பாட்சரோட பொண்ணு

ஹார்லெம் பூங்காவின் கல்மேசைகளில் செஸ் ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. காய் வைக்கிற சத்தத்தைவிடக் கடிகாரத்தை அடிக்கிற சத்தம்தான் பெரிதாக இருந்தது.

வெர்னா நடுமேசைக்குப் போய், எல்ஜின் பெட்டிஃபோர்டைத் தெரியுமா என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை.

அவளுக்கு நம்பவே முடியவில்லை. வருஷக்கணக்காக அப்பா தினமும் வந்த இடம் இது. அங்கே என்னை ஜெயிக்க ஆளில்லை என்பார். மாஸ்டர் பட்டத்துக்கு இன்னும் ஒரு போட்டிதான் பாக்கி என்பார். அம்மா அதை நம்பி ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்தாள். வெர்னா படிப்பை விட்டாள். அவர் பலகை முன் உட்கார்ந்தால் வீட்டில் ரேடியோகூடப் பாடாது.

"எங்கப்பா. உயரமா இருப்பார். இடது காது கேட்காது," என்றாள்.

ரோஸ்கோ என்ற பருத்த ஆள் மேசையைத் தட்டிச் சிரித்தான். "அட, நம்ம பாட்சர்! டேய், பாட்சரோட பொண்ணு வந்திருக்குடா!"

மேசைக்கு மேசை சிரிப்பு பரவியது.

அப்படியென்றால் என்ன என்று கேட்டாள்.

"காயைத் தள்ளத் தெரியும்மா, ஆடத் தெரியாது. அவர் ஜெயிச்சு ஒருத்தனும் பார்த்ததில்ல. ஆனா தங்கமான மனுஷன். ராணியைப் பறிகொடுத்துட்டு நமக்கே காப்பி வாங்கித் தருவார்."

அவன் குரலில் கிண்டல் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஆளையே காணோமே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

வெர்னா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோருக்கும் நல்ல அகலமான தோள். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே, அம்மா காதுபட, அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

"நல்லா இருக்கார். போட்டிக்குப் போயிருக்கார்."

மறுபடி சிரிப்பு. "சீக்கிரம் தோத்துட்டு வரச் சொல்லும்மா!"

ரயில் நிலையப் படியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். அப்பாவின் சிநேகிதர்கள் ஒருத்தர்கூட ஊரில் இல்லை, ஏதோ பெரிய போட்டியாம் என்றாள். நாளைக்குச் சவப்பெட்டியைத் தூக்கக் கூலிக்கு ஆள் சொல்லிவிடலாம் என்றாள்.



"கூலிக்கா?" என்றாள் அம்மா. "மாஸ்டரையா?"