எலும்பின் வயது

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் ஒரு வைத்தியசாலை அறை. ஜன்னலால் வருகிற பனிக்கால வெளிச்சம் தர்மிகாவின் வலது மணிக்கட்டில் விழுகிறது. அது கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது. துணையில்லாமல் நாடு விட்டு வந்த பிள்ளைகளுக்கான இல்லத்தின் படியில் நேற்று விழுந்தவள். வயது பதினாறு என்று தாளில் இருக்கிறது. அவளுக்கும் டாக்டருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் கலாவதி, கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருக்கிறார். அறையில் சொல்லப்படும் அத்தனையையும் அவர் மாற்றிச் சொல்லவேண்டும். தன் சொல் ஒன்றையும் சேர்க்கக்கூடாது. டாக்டர் எக்ஸ்ரே என்றதும் தர்மிகா கையை ஜாக்கெட்டுக்குள் இழுத்துக்கொள்கிறாள். "அன்ரி, கை எலும்பைப் படம் பிடிச்சு வயசு பாப்பினமாம். பதினெட்டெண்டு வந்தா இல்லத்தால வெளிய அனுப்பிப்போடுவினமாம்." கலாவதி அதை ஜெர்மனில் சொல்கிறார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு மெதுவாகப் பதில் சொல்ல, கலாவதி தமிழில் மாற்றுகிறார். "முறிவு பாக்க மட்டும்தானாம், பிள்ளை. படத்தை வேற ஒருத்தருக்கும் குடுக்கமாட்டாவாம்." பிள்ளை என்ற சொல் டாக்டர் சொன்னதில் இல்லை. "உங்களை அப்பிடிச் சொல்லச் சொல்லியிருப்பினம்" என்கிறாள் தர்மிகா. பிறகு வீங்கிய கையை வெளியே எடுத்து, மேசையில் இருக்கும் தண்ணீர்க் கிளாஸைத் தூக்குகிறாள். தண்ணீர் தளும்பி முழங்கைவரை வழிகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு கிளாஸை அப்படியே பிடித்திருக்கிறாள். "பாருங்கோ, எனக்கு நோகேல்லை. சொல்லுங்கோ அன்ரி." டாக்டர் கலாவதியின் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறார். நோகவில்லையாம் என்று கலாவதி சொல்கிறார்.