ஏழெட்டு எவ்வளவு

மழைக்காலம் முழுக்க மைனா தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டு பொந்துக்குள்ளேயே கிடந்தது. பாதி இறகு முளைத்ததும் பழையபடி படிக்க வந்தது.

நாரை டீச்சர் நல்லவர்தான். மற்றவர்கள் கணக்கில் தப்பு செய்தால் அலகால் ஒரு குட்டு வைப்பார். மைனாவிடம் மட்டும், "ராத்திரி தூங்கினியாம்மா?" என்று கேட்பார். ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று மைனா சிலேட்டில் எழுதியது. டீச்சர் ரைட் போட்டார். ஐம்பத்தாறுதானே என்று மைனாவுக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் வேண்டுமென்றே பன்னிரண்டு என்று எழுதிக் காட்டியது. அதற்கும் ரைட்.

"நாளையிலேர்ந்து நான் வரலைங்க டீச்சர்."

"ஏம்மா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாருமே எதுவும் சொல்லலைங்க."

பக்கத்திலிருந்த அணில் சிலேட்டை எட்டிப் பார்த்தது. "ஏழெட்டு பன்னிரண்டா? இறகோட மூளையையும் சேர்த்துப் பிடுங்கிட்டியாடி?"

நாரை பதறிப்போய் அணிலை அதட்டினார்.

"அவளை விடுங்க டீச்சர். என்னைத் திட்டுங்க" என்று மைனா சிலேட்டை நீட்டியது.

நாரை கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்றார். பிறகு ரைட்டை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தப்பு போட்டார். கோடு கோணலாக விழுந்தது.

"பத்துத் தடவை எழுதிட்டு வா" என்றார்.

"நாளைக்குக் காலையில கொண்டாந்து காட்டுறேங்க" என்று மைனா சிலேட்டை இறக்கையில் இடுக்கிக்கொண்டு கிளம்பியது.