மிஹோ விட்டுப்போன எண்

எங்கள் மகள் மிஹோ இறந்தபோது, அவளுடைய கணினி ஒரு பெரிய எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தது. எழுதினால் கோடிக்கணக்கான இலக்கங்கள் நீளும். அது பகா எண்ணா, வேறு எண்களால் வகுபடுமா என்று பார்க்க வேண்டும். இதற்கென்று எண்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு பைத்தியக்காரக் கூட்டம் உலகெங்கும் இருக்கிறது.

நிறுத்த மனமில்லாமல் ஓடவிட்டேன். மழைக்காலம் முடியும்போது விடை வந்தது: பகா எண் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு அதை அவள் பெயரில் அனுப்ப என்னவோ போலிருந்தது. என் பெயரில் அனுப்பிவிட்டுக் கணினியை அணைத்தேன்.

ஒருவர் கண்ட விடையை இன்னொருவர் தனியாகச் சோதித்த பிறகே ஏற்பார்கள். இன்று காலை கைப்பேசியில் அந்தத் தகவல் வந்தது. விடை சரி. சரிபார்த்தவர்: மிஹோ குராஷினா, கனஸாவா. எங்கள் மகளின் பெயர், எங்கள் ஊர்.

மகளின் படத்துக்குச் சோறு வைக்கப்போன என் மனைவி செட்ஸுகோ, கிண்ணத்தோடு வந்து அதைப் படித்தாள்.

"சாப்பிட்டாளான்னு கேளுங்க."

"இதுல விடையை மட்டும்தாம்மா அனுப்ப முடியும்."

அவள் கிண்ணத்தை மிஹோவின் கணினி அருகே வைத்தாள். மின்இணைப்பைச் செருகினாள்.

"அப்ப இன்னொரு எண் வாங்குங்க," என்றாள். "கொஞ்சம் சின்னதா. அவ சீக்கிரம் முடிச்சிடுவா."