ஏரியில் விடியும்போது

பனிமலை ஏரியைக் கழுகு பிடித்துக்கொண்டபோது, வாத்துகளின் தலைவர் பாதிக் கூட்டத்தோடு தெற்கே ஒரு குளத்துக்குத் தப்பி வந்தார். இங்கே புல்லுக்கும் வெயிலுக்கும் குறைவில்லை. ஆனாலும் அந்த ஏரியின் உப்புக் குளிர் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை.

பல ஆண்டு கழித்துக் கழுகின் தூதாகக் காகம் வந்தது.

"பெரியவரே, நீங்கள் மட்டும் திரும்பி வரலாமாம்."

"ஏரியைக் கழுகே ஆளட்டும். எங்கள் பிள்ளைகள் எங்கள் குரலில் விடியலைப் பாட விடுமா?"

"அது கூடாதாம்."

"அப்படியானால், பாட விடும்வரை இங்கிருந்தே அதையே கேட்டுக்கொண்டிருப்பேன் என்று சொல்."

காகம் இறக்கையை விரித்தது. தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அங்கே இருப்பவர்கள் பாட்டை மறந்துவிட்டார்களா?"

காகம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது.

"விடிந்ததும் எல்லாரும் கிழக்கே திரும்பிக் கழுத்தை நீட்டுகிறார்கள், பெரியவரே. சத்தம்தான் வருவதில்லை."