ரெண்டு விசில்

"பொண்டாட்டி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கா. நீங்க இங்கே பஸ் விட்டு விளையாடுறீங்களா, தம்பி?"

அக்காக்காரி செருப்பைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வந்தவள், தங்கை வீட்டுக்காரன் இருந்த கோலத்தைப் பார்த்ததும் கொதித்துவிட்டாள். கொதிக்காதா பின்னே?

வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ணுகிற மெக்கானிக் அவன். மணி நாலுதான். அதற்குள் கடையைச் சாத்திவிட்டு வந்து ஹாலில் முட்டி போட்டிருக்கிறான். எதிரே மெஷின் வந்த பெரிய அட்டைப்பெட்டி. பக்கவாட்டில் கதவு மாதிரி வெட்டி, வெட்டின அட்டையை வெளியே மடித்துப் படி ஆக்கியிருந்தது. பெட்டிக்குள்ளே நாலு வயசு மகள், பாத்திர மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, "ஹார்ன் அடிக்கட்டுமாப்பா?" என்றாள்.

போதாக்குறைக்கு அவன் வாயில் விசில். தங்கையோட டியூட்டி விசில்!

"அதை முதல்ல வாயிலேர்ந்து எடுங்க."

எடுத்தான். "வாங்கக்கா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஒண்ணும் வேணாம். அந்தச் சத்தம் கேட்டாலே அவ நடுங்குறான்னு தெரியுமில்ல? உலகத்துல வேற விளையாட்டே கிடைக்கலையா உங்களுக்கு?"

"தெரியும்க்கா" என்றான்.

தங்கை பஸ் கண்டக்டர். மூன்று மாசத்துக்கு முன்னால், அவள் ரெண்டு விசில் கொடுத்ததும் வண்டி கிளம்பியது. ஒரு பெரியவர் படியிலிருந்து விழுந்துவிட்டார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடுகிற வண்டியில் தாவி ஏறினது அவர் தப்புதான் என்று விசாரணையிலேயே எழுதிவிட்டார்கள். 'நான் படியைப் பார்த்தேனா, பார்க்கலையா?' என்று அன்றைக்குப் படுத்தவள்தான் இவள். பெற்ற மகளைத் தூக்கக்கூடப் பயம். தூக்கினால் கீழே போட்டுவிடுவாளாம்.

"டாக்டர் என்னதான் சொல்றார்?"

"மாத்திரை குடுத்திருக்கார். பாப்பாவோட கொஞ்சம் விளையாடினா மனசு தேறும்னார். அவதான் பாப்பாவைக் கிட்டவே சேர்க்க மாட்டேங்கிறா."

"சரி, நான் பேசிக்கிட்டு நிக்க வரல. வேலையை விடுறேன்னு எழுதிக் கையெழுத்து போடச் சொல்லியிருக்கேன். ஆறு மணி வண்டிக்கு அவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஆறு மாசம் என்கிட்ட இருக்கட்டும்."

"பாப்பா?"

"தூக்கவே பயப்படுறவகிட்ட பாப்பாவை எப்படி விடுறது? நீங்கதான் விளையாடுறதுல கெட்டிக்காரராச்சே, பார்த்துக்குங்க!"

அவன் முகம் தொங்கிப் போயிற்று. ஆனாலும் மனுஷன் எழுந்திருக்கவில்லை.

"ஒரே ஒரு டிரிப் விட்டுக்கிறோம்க்கா. அப்புறம் கூட்டிக்கிட்டுப் போங்க."

இதென்ன ஜென்மம்! அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. விறுவிறுவென்று அறைக்குள் போய்த் தங்கையை எழுப்பி உட்கார வைத்தாள். துணிப்பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"கிளம்புடி. இந்த வீட்டுல இருந்தா நீ தேற மாட்ட."

தங்கை தலையை ஆட்டினாள். அவள் கண்கள் பாதி திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஹாலில் விசில். ஒன்று. ரெண்டு.

தங்கையின் விரல்கள் பையின் காதை இறுக்கிப் பிடித்தன. உதடு வெளுத்துவிட்டது.

"பாவி மனுஷன்" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"போலாம் ரைட்!" என்றான் அவன். பெட்டி தரையில் சரசரவென்று நகர்ந்தது.

"நிறுத்து!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாசமாக முனகக்கூட யோசித்தவள் போட்ட கூச்சல் அது. பையை உதறிவிட்டு ஹாலுக்கு ஓடினாள் தங்கை.

"படியில ஆள் நிக்குது! கண்ணு தெரியலையா?"

பெட்டி நின்றது. அட்டைப் படியின் ஓரத்தில் ஒரு துணிப் பொம்மை, இதோ விழப் போகிறேன் என்று சாய்ந்திருந்தது. தங்கை மண்டியிட்டு அதை எடுத்தாள். மகளுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார வைத்தாள்.

"படியைப் பார்க்காம யாருங்க விசில் குடுத்தது?"

"நான்தாங்க."

"இறங்குங்க வண்டியை விட்டு. விசிலை இப்படிக் குடுங்க."

வாங்கிக்கொண்டாள். படியைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"போலாமாம்மா?" என்றாள் டிரைவர்.

ரெண்டு விசில்.

தங்கையே பெட்டியைத் தள்ளினாள். சுவர் வரைக்கும் போனதும், மகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். "அம்மா, டிக்கெட் குடுக்கலையே!" என்று மகள் அதட்ட, அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் எங்கே கூட்டிக்கொண்டு போவது?

"ஏதோ நல்ல நேரம். கவனமில்லாம பாப்பா அந்தப் பொம்மையைப் படியிலேயே விட்டதும் நல்லதாப் போச்சு."

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான்.

"பாப்பா விடலைக்கா. பதினெட்டு நாளா நான்தான் அதைப் படியில நிக்க வெச்சுட்டு விசில் குடுக்குறேன். இன்னிக்குத்தான் நிறுத்தச் சொன்னா."