படித்தேன், புரிந்துகொண்டேன்

பதினோரு மணிக்கு விசாரணை. அதற்கான தாள்களை அவள் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தபோது மணி பத்தரை.

அந்த ரொட்டித் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் அவளுக்குக் கம்ப்யூட்டரோடுதான் குடித்தனம். எந்த இயந்திரத்துக்கு என்றைக்கு என்ன வேலை என்று மென்பொருள் சொல்லிவிடும். அந்த வேலையை எப்படிச் செய்வது என்ற குறிப்பைத் தேடிப் பிடித்து அதனோடு இணைக்க வேண்டியது அவள் பொறுப்பு. மெக்கானிக் டேப்லெட்டில் வேலையைத் தொட்டால் குறிப்பு திறக்கும். குறிப்புக்கு அடியில் ஒரு கட்டம்: ‘படித்தேன், புரிந்துகொண்டேன்.’

அதில் டிக் போட்டால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். முதல் நாளே சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்கவைத்து அந்தக் கட்டத்து வரியை உரக்கப் படித்துக் காட்டிவிட்டார்.

எட்டு மாதமாக அந்தக் கட்டத்தைத் தொட மாட்டேன் என்று நிற்கிறார் மெக்கானிக் கிரீஸ் அண்ணன்.

வேலையில் அவரை ஒரு சொல் குறை சொல்ல முடியாது. இருபத்துமூன்று வருடமாக மாவு பிசையும் இயந்திரங்கள்தான் அவருடைய ராஜ்யம், வேறெதிலும் கை வைக்க மாட்டார். முடித்துவிட்டு டேப்லெட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திரையில் அந்த வேலை முடியாததாகச் சிவப்பில் நிற்கும். இப்போது நூற்றுப் பதினாறு சிவப்பு.

அவர் வயதில் பாதிகூட இல்லாத சூப்பர்வைசர், கண்ணை மூடிக்கொண்டு ஒரு டிக் போட்டுத் தொலையுங்களேன் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தார். மசியவில்லை. மூன்று மெமோ வந்தது. மூன்றையும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், பதில் எழுதவில்லை. இன்று வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

வீம்பு என்றார்கள் கூட்டாளிகள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மாதாமாதம் தன் அறிக்கையைச் சிவப்பாக்குகிறாரே என்ற கடுப்பில், மேலே புகார் எழுதிப் பிள்ளையார் சுழி போட்டதே அவள்தான்.

ஆதாரத்துக்காக மாவு இயந்திர வேலையின் குறிப்பைத் திறந்தாள்.

‘பொட்டலம் கட்டும் இயந்திரம்: சங்கிலிக்கு எண்ணெய் விடும் முறை.’

மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதேதான். பத்து மாவு இயந்திரங்களுக்கும் அதேதான்.

மெயின் சுவிட்சை அணை, பூட்டு, சாவியைப் பையில் போடு, அதன் பிறகே உள்ளே கை விடு என்று சொல்லும் சரியான குறிப்பு, எதனோடும் சேராமல் தனியாகக் கிடந்தது.

இணைத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முந்நூறு வேலைகளை ஒரே மூச்சில் இணைத்த நாள்.

கீழே டிக் போட்டவர்களின் பட்டியல். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் பதினோரு பேர். எட்டு மாதமாகச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதைப் படித்து, புரிந்துகொண்டு, போய் மாவு இயந்திரத்துக்குள் கையை விட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் கை மிஞ்சியது புண்ணியம்.

முதல் வேலையாக இணைப்பை மாற்றிச் சரிசெய்தாள். ரெண்டே நிமிடம்.

இத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பழைய பதிவை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. அடுத்த மாதம் அவளுக்கு வேலை நிரந்தரமாகிறது.

ஆனால் அந்த ஒரு மனிதர் படித்திருக்கிறார். தப்பு என்று தெரிந்து டிக் போடாமல் நின்றிருக்கிறார். புதிதாக வந்த பெண்ணைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் மூன்று மெமோவை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அவர்மீது போய்ப் புகார் எழுதினோமே என்று நினைக்க நினைக்க அவளுக்கு அவமானத்தில் கண் கலங்கியது.

பழைய பதிவையும் டிக் பட்டியலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நடைவழிக்கு ஓடினாள். விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் துவைத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார் கிரீஸ் அண்ணன்.

“அண்ணே, குறிப்பைத் தப்பா இணைச்சது நான்தான். நீங்க தெரிஞ்சும் என்னைக் காட்டிக்கொடுக்கலை. நானே உள்ள வந்து சொல்லிடுறேன்.”

அவர் தாளை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“தப்பா சரியான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? எனக்கு எழுத்துக் கூட்டவே வராது. படிக்காம படிச்சேன்னு எப்படி டிக் போடுறது?” குரல் இன்னும் தணிந்தது. “இதை உள்ள சொல்லிடாத. வேலை போனாப் போகட்டும்.”

கதவு திறந்தது. கூப்பிட்டார்கள்.

அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவள் தன் தவறைச் சொல்லி முடித்துவிட்டாள். தேதியையும் சொன்னாள், பத்து இயந்திரங்களையும் சொன்னாள். மேலாளர் பட்டியலைக் கையில் வாங்கி ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டு போனார். சூப்பர்வைசர் பெயரும் அதில் இருந்தது.

மேலாளர் கிரீஸ் அண்ணன் பக்கம் திரும்பினார். பதினோரு பேர் கண்ணில் படாதது உங்கள் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது என்று கேட்டார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“படிக்காம டிக் போடாத ஆள் இவர் ஒருத்தர்தான் சார்,” என்றாள் அவள்.